கருத்தடை மாத்திரை அட்டை வாங்க முடியாமல் பாதியில் நிறுத்திவிடும் பெண்களை எங்கே அனுப்புவது?

கேள்வி: அவிநாசிச் செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். எங்களிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் தையல், செக்கிங், பேக்கிங் வேலை பார்ப்பவர்கள். சிலர் உள்ளூர்க்காரர்கள், சிலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள்.

சென்ற மாதம் இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் எங்களிடம் திரும்பி வந்தார். இரண்டாவது குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகியிருந்த நிலையில், எங்கள் மருத்துவர் அவருக்குக் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். சந்தையில் புதிதாக வந்த வகை என்பதால் ஓர் அட்டையே சில நூறு ரூபாய். இரண்டு மாதம் வாங்கிச் சாப்பிட்டவர், மூன்றாவது மாதம் நிறுத்திவிட்டு, ஐந்தாவது மாதத்தில் கர்ப்பமாக வந்து நின்றார். "சம்பளம் தள்ளிப்போச்சு சிஸ்டர், அடுத்த வாரம் வாங்கிக்கலாம்னு இருந்தேன்" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் சொல்ல வாயெழவில்லை. அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த நாளில், இதை மாதாமாதம் வாங்க முடியுமா என்று எங்களில் ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிப் பார்த்துவிட்டேன். அப்படி அனுப்பியவர்களில் பாதிப்பேராவது போவதில்லை. ஒரு நாள் லீவு போட்டால் கூலி போகும் என்பது ஒரு காரணம். அங்கே போனால் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்வார்கள், அல்லது காப்பர்-டி போட்டுவிடுவார்கள் என்ற பயம் இன்னொரு காரணம். வெளிமாநிலப் பெண்களுக்கு மொழியும் தெரியாது.

அரசு நிலையங்களில் உண்மையில் என்னென்ன கிடைக்கும், அவற்றை யாரிடம், எந்த நேரத்தில் போய்க் கேட்க வேண்டும், கடையிலேயே வாங்குவதென்றால் குறைந்த விலையில் எதை எழுதச் சொல்லி எங்கள் மருத்துவரிடம் நான் பேசலாம் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


பதில் 1: ஓய்வுபெற்ற சமுதாய சுகாதாரச் செவிலியர்

தங்கைக்கு வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியராகத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையில் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் என்னென்ன கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் சாப்பிடும் மாலா-என் மாத்திரை, வாரக் கணக்கில் சாப்பிடும் சாயா மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, ஐந்தாண்டுக் காப்பர்-டி, பத்தாண்டுக் காப்பர்-டி, நிரோத், அவசரக் கருத்தடை மாத்திரை ஆகியவை அரசுத் திட்டத்தில் விலையில்லாமல் வழங்கப்படுகின்றன. இவற்றில் அந்தராவும் சாயாவும் 2017-இல்தான் அரசுத் திட்டத்துக்குள் வந்தன. அதனாலேயே தனியார் மருத்துவமனைகளில் பணிபுரியும் பலருக்கு, அரசு நிலையம் என்றால் காப்பர்-டியும் ஆபரேஷனும் மட்டும்தான் என்ற பழைய எண்ணம் இன்னும் மாறவில்லை.

யாரிடம் கேட்பது என்பதுதான் முக்கியமான கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் புறநோயாளர் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பவர், மருத்துவர் முன்னால் நாலு பேர் நடுவில் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கிராமத்துப் பெண்ணாக இருந்தால் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும், நகரத்தில் வசிப்பவராக இருந்தால் நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரிடமும் நேராக அனுப்புங்கள். இரண்டாவது குழந்தைக்கு ஒன்றரை வயது என்றால், தடுப்பூசி போட்ட செவிலியரை அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்திருக்கும். கர்ப்பமானபோது பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கிக் கொடுத்தவரும் பெரும்பாலும் அவரேதான். தெரிந்த முகத்திடம் போகச் சொன்னால் போவார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் அன்று கூட்டம் இருக்கும், பேச நேரமிருக்காது. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெண் எதற்கு வந்தார் என்று அன்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மாமியாருக்குத் தெரியாமல் வர வேண்டியவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

நீங்களும் உங்கள் பகுதிச் செவிலியரை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து, அவர் எந்த நாளில் எங்கே இருப்பார், அந்தரா ஊசி எந்த நிலையத்தில் போடப்படுகிறது, இருப்பு இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களில் இருப்புக்குத் தட்டுப்பாடு ஏற்படுவது உண்டு; அதை மறைப்பதில் பயனில்லை. இலவசம் என்று சொல்லி அனுப்பி, அவர் போய் வெறுங்கையுடன் திரும்பினால், மறுமுறை உங்கள் பேச்சையும் நம்ப மாட்டார். மாலா-என் வாங்கப் போகிறவரை ஓர் அட்டையோடு திரும்பாமல், இருப்பைப் பொறுத்து இரண்டு மூன்று அட்டைகளாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தொடர்ந்து சாப்பிடுபவருக்கு ஓராண்டுக்குரிய அட்டைகள்வரை ஒரே தடவையில் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பேருந்துச் செலவு பற்றி: 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நாம் அறிந்ததுதான் என்றாலும், வெளிமாநிலப் பெண்கள் பலருக்கு அது தங்களுக்கும் பொருந்தும் என்று தெரிவதில்லை.

கட்டாயப்படுத்துவார்கள் என்ற பயத்தைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குச் சற்று வருத்தமளிக்கிறது. முன்காலத்தில் தலைக்கு இத்தனை ஆபரேஷன் என்று எங்களுக்கு இலக்கு வைத்தார்கள். 1996-இல் அந்த முறை கைவிடப்பட்டது. இப்போதுள்ள செவிலியர்கள் அப்படி நடப்பதில்லை.


பதில் 2: மருந்தாளுநர், ஈரோடு

கடையில் குறைந்த விலைக்கு என்ன கிடைக்கும் என்ற பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் இருப்பது லெவோநோர்ஜெஸ்ட்ரெல் 0.15 மில்லிகிராமும் எத்தினைல் எஸ்ட்ராடையால் 0.03 மில்லிகிராமும். இதே சேர்க்கை, இதே அளவில், பல நிறுவனங்களின் பெயர்களில் பல ஆண்டுகளாகக் கடைகளில் விற்கப்படுகிறது. அது தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதால் அதன் விலைக்கு உச்சவரம்பும் உண்டு. கருத்தடைச் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. உங்கள் மருத்துவர் எழுதியது டிரோஸ்பைரினோன் என்ற ஹார்மோன் சேர்ந்த புதிய வகையாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். முகப்பரு, நீர்க்கட்டி போன்ற தொந்தரவு உள்ளவர்களுக்கு அதை எழுதுவதில் பொருளுண்டு. கர்ப்பத்தைத் தள்ளிப்போட மட்டும் வந்த பெண்ணுக்குப் பழைய சேர்க்கையே போதும், தடுக்கும் திறனில் அது குறைந்ததன்று.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மருத்துவர் ஒரு கம்பெனியின் பெயரை எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக மலிவான வேறொன்றை நாங்களாக மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. "அக்கா, இதே மாதிரி விலை கம்மியா ஒண்ணு குடுங்க" என்று கேட்பவர்களை நான் மனமில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே, சீட்டில் பெயருக்குப் பதிலாகவோ பெயரோடு சேர்த்தோ மருந்தின் சேர்க்கையை எழுதச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். நீங்கள் செய்யக்கூடிய காரியங்களிலேயே செலவில்லாதது இதுதான்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் விற்கும் அட்டைகள் பலவற்றில் 21 மாத்திரைகள்தான் இருக்கும். அது முடிந்ததும் ஏழு நாள் இடைவெளி விட்டு அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். கடைசி ஏழும் வேறு நிறத்தில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரைகள், எனவே இடைவெளியே கிடையாது. கடை அட்டையிலிருந்து அரசு அட்டைக்கு மாறிய ஒருவர், பழக்கத்தில் 28 முடிந்த பிறகும் ஏழு நாள் விட்டிருக்கிறார். பதினான்கு நாள் மருந்தில்லாமல் போனால் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2005 முதல் இந்தியாவில் மருத்துவர் சீட்டில்லாமலே விற்க அனுமதிக்கப்பட்ட மருந்து அது. ஆனாலும் தமிழ்நாட்டுக் கடைகளில் அதைக் காண்பது அரிது. தடை என்று எழுத்தில் எதுவும் இல்லை. ஆய்வுக்கு வருபவர்கள் ஏதாவது கேட்பார்களோ என்ற அச்சத்தில் கடைக்காரர்கள் வாங்கி வைப்பதில்லை. பக்கத்து மாநிலத்தில் தாராளமாகக் கிடைப்பது இங்கே கிடைக்காததால், ஒரு பெண் நாலு கடை ஏறி இறங்குவதற்குள் 72 மணி நேரம் ஓடிவிடுகிறது. அது தேவைப்படும் பெண்ணை எங்களிடம் அனுப்பி அலைக்கழிக்காமல், நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ அனுப்பிவிடுங்கள்.


பதில் 3: மகப்பேறு மருத்துவர், அரசுப் பணி

மேலே எழுதிய அம்மாவின் அனுபவத்துக்கு மரியாதை செலுத்திக்கொண்டே, அவருடைய கடைசிப் பத்தியில் மட்டும் மாறுபடுகிறேன். இலக்கு முறை காகிதத்தில் போய்விட்டது உண்மை. ஆனால் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் "காப்பர்-டி போட்டுக்கறியாம்மா" என்று கேட்டு, அவர் தலையசைத்ததைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளும் பழக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் கருத்தடை செய்துகொள்ளும் மணமான பெண்களில் மிகப் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். தற்காலிக முறைகளைப் பயன்படுத்துவோர் மிகச் சிறிய பகுதியினர். இத்தனை ஆண்டுகளாக இந்தத் திசையிலேயே ஓடிய ஓர் அமைப்பைப் பார்த்து ஒரு பெண் பயப்படுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

அதனால், அனுப்பும்போதே அவருடைய உரிமைகளையும் சொல்லி அனுப்ப வேண்டும். மாத்திரை வாங்க வந்தவர் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். காப்பர்-டி போட்டுக்கொண்டவர் எந்த நாளில் வந்து எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிட வேண்டும். "இன்னும் மூணு மாசம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பக் கூடாது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை என்று தேசிய வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. ஆனால் நடைமுறையில் இன்றும் பல இடங்களில் அதைக் கேட்கிறார்கள்.

எந்தப் பெண்ணுக்கு எது என்பதில் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தவறிவிடுவோம். தாய்ப்பால் கொடுப்பவருக்குக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை மாலா-என் ஏற்றதன்று. சாயா கொடுக்கலாம், அதில் ஹார்மோன் இல்லை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து அது. சாயா என்ற பெயரில் இலவசமாகத் தரப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சஹேலி என்ற பெயரில் விற்கப்பட்டு வருகிறது. மாதவிடாய் தொடங்கும் நாளில் முதல் மாத்திரையைச் சாப்பிட்டு, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று என்று சாப்பிட வேண்டும். ஞாயிறன்று தொடங்கினால் ஞாயிறும் புதனும், நான்காம் மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும் என்று கிழமையாகச் சொல்லுங்கள். "வாரம் இரண்டு" என்று மட்டும் சொன்னால் ஒரே நாளில் இரண்டையும் விழுங்கிவிட்டு வருவார்கள். மாதவிடாய் தள்ளிப்போவது இதில் வழக்கம். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் கொடுப்பதில்லை.

ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்குத் தினசரி மாத்திரை ஒத்துவருவது கடினம். அவர்களுக்கு அந்தரா நல்ல தேர்வு. ஆண்டுக்கு நான்கு முறை வந்தால் போதும், தேதி தள்ளினால் நான்கு வாரம்வரை போட்டுக்கொள்ளலாம், கைப்பையில் மாத்திரை இருப்பதை யாரும் பார்த்துவிடவும் முடியாது. ஆனால் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் அதைப் போடவே கூடாது. முதல் சில மாதங்களில் இரத்தப்போக்கு முறைமாறி வரும், பிறகு மாதவிடாயே நின்றுபோகலாம், அது நோயன்று. ஊசியை நிறுத்திய பிறகு மீண்டும் கருத்தரிக்க, கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம்வரை ஆகலாம். இதைச் சொல்லாததால் முதல் ஊசியோடு நின்றுபோனவர்கள், விலைக்கு அஞ்சி நின்றவர்களைவிட அதிகம் என்பது என் அனுபவம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேய்த்தால் மருந்து சீக்கிரம் உடலில் கலந்து, மூன்று மாதம் நிற்க வேண்டியது நிற்காது.

வெளிமாநிலப் பெண்களுக்கு ஒரு வசதி: மாலா-என், அந்தரா, சாயா ஆகிய பெயர்கள் நாடு முழுவதும் ஒன்றே. பீகாரில் இருந்து வந்தவரிடம் நீங்கள் தமிழில் எதுவும் விளக்க வேண்டாம். "அந்தரா" என்று சொன்னாலே பலருக்குப் புரிந்துவிடும். ஊரில் போட்டிருந்தால் அந்தரா அட்டை ஒன்று வைத்திருப்பார். அதைக் காட்டினால் இங்கே அடுத்த ஊசியைத் தொடர்ந்து போட முடியும்.


பதில் 4: பின்னலாடைத் தொழிலாளர், தொழிற்சங்கப் பொறுப்பாளர்

இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி ஒருவரும் குறிப்பிடவில்லை என்பதால் எழுதுகிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாத தொழிலாளர்கள் அதில் சேர்க்கப்பட வேண்டும். எங்கள் பெண்கள் பலருக்குச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் நடக்கிறது, ஆனால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று தெரிவதில்லை.

அறுவை சிகிச்சைதான் வேண்டும் என்று தாமாகவே முடிவு செய்தவர்களுக்கு இதில் ஒரு பெரிய ஆதாயம் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் பெண் தொழிலாளருக்கு 14 நாளும், ஆண் தொழிலாளருக்கு 7 நாளும் முழுச் சம்பள அளவில் பணப்பயன் வழங்கப்படுகிறது. சாதாரண நோய் விடுப்புக்குக் கிடைப்பதைவிட இது அதிகம். லீவு போட்டால் கூலி போகும் என்று தள்ளிப்போடுபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், கணவர்களுக்கும் சொல்லுங்கள். ஆண்களுக்கான சிகிச்சை எளிது, செலவு குறைவு, ஓரிரு நாளில் நடமாடலாம் என்று சங்கக் கூட்டத்தில் நான் சொன்னபோது ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.


கேள்வி கேட்டவர்: அவிநாசிச் செவிலியர்

அம்மாவுக்கும், மருந்தாளுநருக்கும், டாக்டருக்கும், சங்கத் தோழருக்கும் மிக்க நன்றி. மருந்தின் சேர்க்கையை எழுதுவது பற்றி எங்கள் மருத்துவரிடம் நேற்றே பேசினேன். அட்டையின் விலை எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. இனி சேர்க்கையையும் சேர்த்து எழுதுவதாகச் சொன்னார். நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரைச் சந்தித்து, அவர் இருக்கும் நாட்களைக் குறித்துக்கொண்டேன். முறையின் பெயர், நிலையத்தின் பெயர், நாள், நேரம், செவிலியரின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் இந்தியிலும் அச்சிட்டு, "கருத்தடைச் சேவைப் பரிந்துரை" என்ற தலைப்பில் சிறு சீட்டாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதமாகக் காசநோய் மருந்து நடந்துகொண்டிருக்கிறது. அவருக்கு மாலா-என் வாங்கச் சொல்லி அனுப்பலாமா?


பதில் 3: மகப்பேறு மருத்துவர், அரசுப் பணி

வேண்டாம். காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்களைக் கல்லீரலில் விரைவாகச் சிதைத்துவிடும். தவறாமல் சாப்பிட்டாலும் கரு தங்கிவிடக்கூடும். வலிப்புக்காகக் கார்பமசெபின், ஃபெனிடோயின் சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும். அந்தரா ஊசியின் திறனை ரிஃபாம்பிசின் குறைப்பதில்லை என்பதால் அதைப் போடலாம். காப்பர்-டி என்றால், நோய் இடுப்புப் பகுதியில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போடலாம். பரிந்துரைச் சீட்டில் காசநோய் மருந்து நடப்பதையும் எழுதுங்கள்.


பதில் 1: ஓய்வுபெற்ற சமுதாய சுகாதாரச் செவிலியர்

டாக்டர் சொன்ன தலையசைப்பு விஷயத்தை என்னால் மறுக்க முடியவில்லை. பிரசவ அறையில் நான் பணியாற்றியது குறைவு என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கைக்கு ஒரு வேண்டுகோள். சீட்டின் தலைப்பை மாற்றிவிடுங்கள். விடுதிகளில் பையைச் சோதிப்பார்கள். வீட்டில் என்றால் மாமியாரோ கணவரோ எடுத்துப் பார்ப்பார்கள். "மகளிர் நலப் பரிசோதனை" என்று தலைப்பிட்டு, உள்ளே முறையின் பெயரை மட்டும் எழுதுங்கள், செவிலியருக்கு அது போதும். காசநோய் என்றும் வெளிப்படையாக எழுத வேண்டாம், ரிஃபாம்பிசின் என்று மருந்தின் பெயரை எழுதினால் எங்களுக்குப் புரியும். உங்கள் பகுதிச் செவிலியரின் கைபேசி எண்ணை அந்தப் பெண்களுக்குக் கொடுப்பதானால், முதலில் அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.